"இருப்பதிலேயே பவரான ஊசி"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் எங்களிடம் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கிறார்கள்: "டாக்டர், செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இருப்பதிலேயே பவரான ஊசியைப் போட்டுவிடுங்கள்." அதன் பின்னால் இருக்கும் அன்பையும் அச்சத்தையும் நாங்கள் அறிவோம். ஆயினும், அவ்வேண்டுகோளுக்கு உடனே இணங்குவது எப்போதும் நோயாளிக்கு நன்மையாகாது என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைச் சூடோமோனாஸ் என்னும் கிருமியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

இதன் முழுப்பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. செம்பில் ஏறும் பச்சைக் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. புண்ணுக்குக் கட்டிய துணி நீலமும் பச்சையுமாக நிறம் மாறுவதற்கு இக்கிருமியே காரணம் என்பதை 1882இல் பிரான்ஸைச் சேர்ந்த கார்ல் கெஸார் எடுத்துரைத்தார். ஈரம் தங்கும் இடமெல்லாம் இதற்கு வீடு: கை கழுவும் தொட்டி, குழாயின் வாய், நெபுலைசர் கோப்பை, ஆக்சிஜன் கருவியின் தண்ணீர்ப் புட்டி, தொழிற்சாலை எந்திரங்களில் ஓடும் கூலண்ட் திரவம். நல்ல உடல்நிலையில் உள்ளவரை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால், தீக்காயம் பட்டவர், நீரிழிவால் காலில் புண் உள்ளவர், சிறுநீர் டியூபோ வென்டிலேட்டரோ பொருத்தப்பட்டவர், கீமோதெரபி பெறுபவர் ஆகியோரின் உயிரையே பறிக்க வல்லது.

மருந்தை எதிர்ப்பது இதன் பிறவிக் குணம். இதன் வெளியுறை பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. நுழைந்த மருந்தையும் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடும். டியூபுகளின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் பதுங்கும். இதற்கு மேல், தேவையின்றி நாம் கொடுக்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அடங்கக்கூடிய கிருமிகளை அழித்து, அடங்காத கிருமிகளுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது. இறுதியில் எஞ்சுவது கொலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு சில மருந்துகள் மட்டுமே.

இது எங்கோ நடக்கும் கதையன்று. அமெரிக்காவில் ஒரு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து தொடர்பாக, 2023 மே மாதக் கணக்குப்படி, 18 மாநிலங்களில் 81 பேரிடம் பல மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. அம்மருந்து தயாரான ஆலை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறியது. திறக்கப்படாத புட்டிகளிலும் கிருமி இருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர். நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. ஈரமும் கவனக்குறைவும் சேரும் இடத்தில் இக்கிருமி நுழைந்துவிட்டால், அது கடல் கடந்தும் செல்லும்.

எங்களிடம் வருவோரில் தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகங்களில் பணிபுரிவோர் பலர். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குச் செல்கிறார்கள். அவர்களைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. சோதனை முடிவு வரும் முன்பே அச்சத்தாலும் அவசரத்தாலும் பெரிய மருந்தை எழுதிவிடும் எங்கள் துறையினரும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இதைத்தான் எச்சரித்தது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி, முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். சட்டம் இருக்கிறது, அதை மதிக்கும் பழக்கம்தான் இன்னும் வளரவில்லை.

ஆகவே, "பவரான ஊசி போடுங்கள்" என்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை எங்களிடம் கேளுங்கள். "கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியாயிற்றா?" முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் அதுவரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவோம், முடிவு வந்ததும் பொருத்தமானதாக மாற்றுவோம். "இது தொற்றா, அல்லது கிருமி வெறுமனே தங்கியிருக்கிறதா?" அறிக்கையில் சூடோமோனாஸ் என்று வந்துவிட்டாலே மருந்து தேவை என்பதில்லை. "இந்த டியூப் இன்னும் தேவையா?" தேவையற்ற டியூபை ஒரு நாள் முன்னதாக எடுப்பது பல ஊசிகளுக்குச் சமம்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. நெபுலைசர் கோப்பையை ஒவ்வொரு முறையும் கழுவி நன்கு உலர்த்துங்கள். ஆக்சிஜன் கருவியின் புட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, நாள்தோறும் மாற்றுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். சொட்டு மருந்தின் முனை கண்ணில் படக் கூடாது. நீரிழிவு உள்ள முதியவருக்குக் காதுவலி நீடித்தால் எண்ணெய் விட்டுக் காத்திராமல் அழைத்து வாருங்கள். எழுதிக் கொடுத்த நாள்வரை மருந்தை உட்கொள்ளுங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்காதீர்கள். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்யுங்கள். நாங்கள் செய்ய மறந்தால் தயங்காமல் நினைவூட்டுங்கள். அதை நாங்கள் அவமதிப்பாகக் கருதமாட்டோம்.

2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தை நம் பகுதியினர் நன்கறிவர். கோடைக்கென்று தேக்கிய நீரை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே மதகைத் திறந்து வீணாக்க யாரும் சம்மதிப்பதில்லை. கடைசி நிலை ஆன்டிபயாடிக்குகளும் அப்படித் தேக்கிவைத்த நீரே. இன்று உங்கள் உறவினருக்கு அது தேவையில்லை என்று நாங்கள் கூறும்போது, நாங்கள் கைவிரிக்கவில்லை. அவருக்கே நாளை தேவைப்படலாம் என்றுதான் காத்துவைக்கிறோம்.