1974இல் ஒழிந்தது யார்க்சயர் அன்று: ரைடிங் பிரிவுகளும் அவற்றின் பொது நிறுவனங்களும்

இங்கிலாந்தின் உள்ளாட்சி வரலாற்றைப் பற்றிப் பேசுவோர் 1974 ஏப்ரல் முதல் நாளை யார்க்சயர் கவுண்டி ஒழிந்த நாளாகக் குறிப்பதுண்டு. இக்கூற்றில் ஒரு பிழை உள்ளது. ஒழிக்கப்படுவதற்கு யார்க்சயர் முழுமைக்குமான ஒரு கவுண்டி மன்றம் என்றுமே இருந்ததில்லை. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மறு ஆண்டில் கவுண்டி மன்றங்கள் தோன்றியபோது யார்க்சயரில் மூன்று மன்றங்கள் அமைந்தன. மேற்கு ரைடிங் மன்றம் வேக்ஃபீல்டிலும், வடக்கு ரைடிங் மன்றம் நார்தலர்ட்டனிலும், கிழக்கு ரைடிங் மன்றம் பெவர்லியிலும் இருந்து ஆண்டன. 1974இல் உயிர்நீத்தவை இம்மூன்றுமே. இதைப் பெயர்க்குழப்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஓர் ஆட்சிப் பிரிவு வரைபடத்தின் கோட்டால் வாழ்கிறதா, மக்கள் தம் தேவைக்குச் சென்று நின்ற நிறுவனங்களால் வாழ்கிறதா என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது. யார்க்சயர் தரும் சான்றுகள் பின்னதையே வலியுறுத்துகின்றன.

ரைடிங் என்னும் சொல்லுக்கும் குதிரையேற்றத்திற்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய நார்சு மொழிச் சொல்லின் திரிபு அது. திசைப்பெயர்களின் இறுதி ஒலியோடு புணர்ந்து அதன் முதல் ஒலி தேய்ந்துபோயிற்று. 866இல் யார்க் நகரைக் கைப்பற்றிய தேனியர் பத்தாண்டுக்குப்பின் அப்பகுதியில் நிலம் பங்கிட்டுக் குடியமர்ந்தனர். அவர்களின் வழக்கே இப்பிரிவுப் பெயரில் எஞ்சியிருக்கிறது. மூன்று பங்குகளே ஆதலின் தெற்கு ரைடிங் என்றொன்று யார்க்சயரில் இருக்க இயலாது. வினிஃபிரட் ஹோல்ட்பி 1936இல் வெளிவந்த தம் புதினத்திற்குத் ‘தெற்கு ரைடிங்’ எனப் பெயரிட்டது இக்காரணம் பற்றியே. இல்லாத ஒரு பிரிவைப் படைத்து, தம் தாயார் உறுப்பினராயிருந்த கிழக்கு ரைடிங் மன்றத்தின் உலகை அதில் அவர் வைத்துக் காட்டினார்.

ரைடிங்கின் உட்பிரிவு வேப்பன்டேக் எனப்பட்டது. தென்னிங்கிலாந்தில் ‘நூறு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய பிரிவுக்கு இது நிகர். இச்சொல்லின் வேர்ப்பொருள் படைக்கலம் ஏந்துதல். அவையில் கூடியோர் படைக்கலம் உயர்த்தி இசைவு தெரிவித்த வழக்கோடு இதனை இயைத்துக் காண்பர். எனவே அவை முதலிலும் நிலப்பரப்பு பின்னரும் தோன்றின எனலாம். பல வேப்பன்டேக்குகளின் பெயர்கள் ஊர்ப்பெயர்கள் அல்ல. மக்கள் கூடிய மரம், சிலுவைக்கல், பாலம் ஆகியவற்றின் பெயர்கள். லீட்சைச் சூழ்ந்த ஸ்கைராக் என்பதன் பொருள் ‘சயரின் கருவாலி’. ஹெடிங்லியில் அம்மரமென நெடுங்காலம் போற்றப்பட்ட முதுமரம் 1941இல் வீழ்ந்தது. அவ்விடத்து மதுவிடுதி ஒன்று இன்றும் ஸ்கைராக் என்றே பெயர் தாங்கி நிற்கிறது. அவை கலைந்தபின் எஞ்சியது விடுதிப் பலகை மட்டுமே என்பது சற்றே வருந்தத்தக்கதுதான்.

யார்க்சயர் என்னும் முழுமைக்கு நிறுவனங்களே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. ஷெரிஃப் ஒருவரே இருந்தார். யார்க் கோட்டையில் பெருங்குற்ற வழக்குகள் விசாரிக்கப்பட்டன. நாடாளுமன்றத்திற்குக் கவுண்டி முழுவதும் ஒரே தொகுதியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. வில்பர்ஃபோர்ஸ் 1784 முதல் 1812 வரை அத்தொகுதியின் உறுப்பினராயிருந்தார். எனினும் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வொருமையையும் ரைடிங்குக்கு இரு உறுப்பினர் எனப் பிரித்துவிட்டது. கவுண்டிக்குப் பெயர் தந்த யார்க் நகரமோ 1396 முதல் தனிக் கவுண்டித் தகுதி பெற்று எந்த ரைடிங்கிலும் சேராமல் நின்றது.

எளிய குடிமகனுக்கு ஆட்சி என்பது காலாண்டு நீதியமர்வாகவே இருந்தது. ஆண்டுக்கு நான்குமுறை கூடிய அவ்வமர்வுகள் ரைடிங்குதோறும் தனித்தனியாக நடந்தன. திருட்டு வழக்கு, மதுவிடுதி உரிமம், வறியோர் எந்தத் திருச்சபை வட்டத்தின் பொறுப்பு என்னும் பூசல், சிறை, பாலம் என அனைத்தும் அங்கு வந்தன. மேற்கு ரைடிங்கின் அமர்வு ஓரூரில் நில்லாது பொன்டிஃப்ராக்ட், வேக்ஃபீல்டு, லீட்ஸ், டான்காஸ்டர் எனப் பெயர்ந்து கூடியது. பாலங்களும் ரைடிங்கின் உடைமைகளாகவே எண்ணப்பட்டன. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜான் கார் முதலில் மேற்கு ரைடிங்குக்கும் பின்னர் வடக்கு ரைடிங்குக்கும் பாலக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார் என்பதிலிருந்து அப்பொறுப்பின் மதிப்பை உணரலாம்.

பத்திரப் பதிவகங்கள் இதனினும் வலிய சான்று. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நிலப்பத்திரங்களைப் பொதுப்பதிவு செய்யும் முறை அக்காலத்தில் இல்லை. மேற்கு ரைடிங்குக்கு மட்டும் 1704இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி வேக்ஃபீல்டில் பதிவகம் அமைக்க இசைந்தது. சட்டத்தின் முகவுரை கூறும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. அப்பகுதி கம்பளித்துணித் தொழிலின் தலைமையிடம்; துணி வணிகருள் பலர் சொந்த நிலமுடையோர்; தொழில் நடத்த அந்நிலத்தை ஈடுவைத்து அடிக்கடி கடன் பெறுவோர். ஒரே நிலத்தை மறைவாக இருவருக்கு ஈடுவைக்கும் வஞ்சகம் பெருகினால் கடன் கொடுப்பார் அஞ்சுவர். கடன் நின்றால் தறியும் நிற்கும். கிழக்கு ரைடிங் 1708இல் பெவர்லியிலும், வடக்கு ரைடிங் 1730களின் நடுவில் நார்தலர்ட்டனிலும் தத்தமக்கெனப் பதிவகம் பெற்றன. யார்க்சயர் முழுமைக்கும் ஒன்று போதும் என எவரும் கருதியதாகத் தெரியவில்லை. பத்திரத்தின் சாரம் ஏடுகளில் எழுதப்பட்டுப் பெயரடைவும் இடவடைவும் வகுக்கப்பட்டன. 1970 வரை வேக்ஃபீல்டில் இப்பதிவு தொடர்ந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நெசவாளனின் வீடும் கொல்லையும் கைமாறிய வரலாறு ‘மேற்கு ரைடிங்’ என்னும் தலைப்பின்கீழ்த்தான் எழுதப்பட்டது.

வேக்ஃபீல்டில் 1818இல் திறக்கப்பட்ட மேற்கு ரைடிங் ஏழை மனநோயாளர் இல்லமும் அவ்வாறே. அதனை எவ்வாறு கட்டவேண்டும் என்பது குறித்து யார்க் நகரின் குவேக்கர் பிரிவினரான சாமுவேல் டியூக் 1815இல் அறிவுரை நூலொன்று வெளியிட்டார். 1866 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு அதன் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் கிரைட்டன்-பிரௌன் நோயாளரின் ஒளிப்படங்களைச் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பி, மெய்ப்பாடுகள் பற்றிய அவரது 1872ஆம் ஆண்டு நூலுக்கு உதவினார். டேவிட் ஃபெரியர் மூளையின் பகுதிகளுக்குரிய தொழிற்பாடுகளை ஆராய்ந்து 1873இல் மேற்கொண்ட சோதனைகள் அவ்வில்லத்தின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தவை. அவை வெளியான மருத்துவ அறிக்கைத் தொடரின் தலைப்பு ‘மேற்கு ரைடிங்’ என்றே தொடங்குகிறது. நரம்பியல் வரலாற்றில் நிலைத்த பெயர் யார்க்சயருடையது அன்று, ரைடிங்கினுடையது. இப்பெருமையின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. வறுமையால் அங்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே மாய்ந்தோரின் நோய்க்குறிப்பேடுகள் இன்று காப்பகத்தில் உள்ளன. அவர்களுள் பலருக்கு அந்நோய்க்குறிப்பையன்றி வேறு எழுத்துச்சான்று இருக்க வாய்ப்பில்லை.

1889இல் வந்த மன்றங்கள் வெற்றிடத்தில் தோன்றவில்லை. காலாண்டு அமர்வு செய்துவந்த ஆட்சிப்பணியையே ஏற்றன. அவற்றுள் மேற்கு ரைடிங் மன்றத்தின் கல்விப்பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1945 முதல் 1974 வரை கல்வி அலுவலராயிருந்த அலெக் கிளெக் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிகளில் ஓவியமும் நாடகமும் ஆடலும் இடம்பெற உழைத்தார்; 1949இல் பிரெட்டன் ஹால் மாளிகை கலைப்பாடங்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாயிற்று.

ஆயினும் 1974ஆம் ஆண்டு மாற்றத்தை வீண்செயலென்று தள்ளிவிட முடியாது. லீட்ஸ், பிராட்ஃபோர்டு, ஷெஃபீல்டு, ஹடர்ஸ்ஃபீல்டு, ஹாலிஃபாக்ஸ் ஆகிய பெருநகரங்கள் தனிக் கவுண்டித் தகுதி பெற்றுக் கவுண்டி மன்றத்தின் ஆட்சிக்கு வெளியே நின்றன. மேற்கு ரைடிங் மன்றம் ஆண்டது நடுவே ஓட்டைகள் விழுந்த ஒரு பரப்பை. நகரையும் அதைச் சார்ந்த புறத்தையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொணர வேண்டும் என்ற சீர்திருத்தவாதிகளின் வாதம் வலுவுடையதே. அவர்கள் செய்த பிழை வேறு. பழைய பிரிவைக் கலைத்தவர்கள் புதியதற்கு வேர்பிடிக்கும் காலத்தைத் தரவில்லை. தெற்கு, மேற்கு யார்க்சயர் மாநகரக் கவுண்டி மன்றங்கள் 12 ஆண்டுகளில், 1986இல், கலைக்கப்பட்டன. ஹம்பர்சைடும் கிளீவ்லாந்தும் 1996இல் மறைந்தன. அவ்வாண்டே கிழக்கு ரைடிங் என்னும் பெயர் ஓர் ஆட்சி மன்றத்திற்கு மீண்டது. மீண்டது பெயர், பழைய எல்லை மீளவில்லை. வரலாற்றில் மேற்கு ரைடிங்கைச் சார்ந்த கூல் துறைமுகம் இன்று கிழக்கு ரைடிங் மன்றத்தின் ஆட்சியில் உள்ளது. 1975இல் தோன்றிய யார்க்சயர் ரைடிங்ஸ் சங்கத்தார் ரைடிங்குகள் சட்டப்படி ஒழிக்கப்படவில்லை, நிர்வாக எல்லையே மாறிற்று என்பர். அவர்தம் பற்று மதிக்கத்தக்கது. ஆனால் நீதியமர்வும் பதிவகமும் மன்றமும் இன்றிப் பெயர்மட்டும் நிற்பதை ஆட்சிப் பிரிவின் வாழ்வு எனக் கொள்ளுதல் அரிது.

தமிழில் இப்பொருள் பற்றி எழுதுவோர் கவுண்டி, ரைடிங், வேப்பன்டேக் ஆகிய அனைத்தையும் மாவட்டம், வட்டம் என்னும் இக்கால வருவாய்த்துறைச் சொற்களால் பெயர்ப்பது மயக்கம் தரும். ரைடிங்கைக் ‘கூறு’ எனல் வேர்ப்பொருளுக்கு இயைபுடையது. கூற்றம் எனல் தகாது. அச்சொல்லுக்குத் தமிழகக் கல்வெட்டுகளில் தனி வரலாறு உண்டு. வேப்பன்டேக்கை நிலப்பெயராக மட்டுமன்றி அவைப்பெயராகவும் உணர்த்தும் சொல் தேவை. அத்தகைய சொல் அமையும்வரை மூலச்சொல்லை ஒலிபெயர்த்து விளக்கம் தருதலே நேர்மை.

இது மொழிபெயர்ப்போடு நின்றுவிடும் இடர் அன்று. சாடில்வொர்த் இப்பொழுது மான்செஸ்டர் பெருநகரப் பரப்பில் ஓல்டாமைச் சார்ந்துள்ளது; செட்பர் 1974இல் கம்பிரியாவுக்குச் சென்றது; ஷெஃபீல்டு தெற்கு யார்க்சயரில் உள்ளது; கூல் மேற்சொன்னவாறு கிழக்கு ரைடிங்கில். இந்நான்கு இடங்களில் எதிலேனும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீடு யாரிடம் ஈடாக இருந்தது என்று இன்றைய எல்லைகளை நம்பித் தேடுவோர் நான்கு திசைகளில் அலைவர். அவற்றுள் எதுவாயினும் பதிவகத்தின் ஏட்டைக் காணச் செல்லவேண்டிய இடம் வேக்ஃபீல்டு.