சாகும் இலை சொல்லும் சாட்சி

தக்காளி இலைக்குள் ஒரு சொட்டுத் திரவம் செலுத்தப்படுகிறது. ஓரிரு நாளில் அந்த இடம் மட்டும் வெளுத்துச் செத்துக் கிடக்கிறது. ஆய்வாளர் முகத்திலோ மலர்ச்சி. செடிக்கு நோயெதிர்ப்பு சக்தி இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பூஞ்சையின் புரதத்தை அடையாளம் கண்ட செல்கள், தாங்களே மடிந்து எதிரியின் வழியை அடைக்கின்றன.

இலைப்பூசணத்தை உண்டாக்கும் கிளாடோஸ்போரியம் ஃபல்வம், செல்களுக்குள் நுழைவதில்லை. இடுக்குகளிலேயே குடித்தனம் நடத்துகிறது. ஆய்வாளர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. நோய் கண்ட இலையைத் தண்ணீரில் அமிழ்த்தி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி நிறுத்தினால் இடுக்குகளில் தண்ணீர் நிறையும். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் பூஞ்சையின் புரதங்களோடு வெளியே வரும். நெதர்லாந்தின் வாகெனிங்கனில் பியர் டி விட் குழுவினர் 1980களில் இப்படித்தான் ஏவிஆர்9 புரதத்தைப் பிடித்தார்கள். வெறும் 28 அமினோ அமிலங்கள். 1991ல் அதன் மரபணுவும் சிக்கியது.

அதை இனங்காணும் தக்காளி மரபணு சிஎஃப்-9. இங்கிலாந்தின் நார்விச்சில் 1994ல் அதைப் பிடித்த விதம் இன்னும் சாமர்த்தியமானது. ஏவிஆர்9ஐத் தானே தயாரிக்கும் தக்காளியை சிஎஃப்-9 தக்காளியோடு கலந்தால் நாற்றுகள் கூண்டோடு சாகும். கூடவே மக்காச்சோளத்தின் 'தாவும் மரபணு' ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். அது சிஎஃப்-9க்குள் தாவி அதை உடைத்திருந்தால் நாற்று பிழைக்கும். பிழைத்தவற்றில் அந்தத் தாவல் நடந்த இடத்தைத் தேடினார்கள், மரபணு கிடைத்தது.

இப்போது இந்தச் சோதனைகளின் செல்லப்பிள்ளை, புகையிலையின் ஆஸ்திரேலிய உறவான நிக்கோட்டியானா பென்தாமியானா. மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாவை ஊசியில்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்புறத்தில் அழுத்தினால் போதும். ஆனால் புரதம் அளவுக்கு மீறிப் பெருகினால், எதிர்ப்பு எதுவும் இல்லாமலே இலை கருகக்கூடும். எனவே அதே இலையில் பூஞ்சைப் புரதம் மட்டும் ஓரிடத்திலும், தாவர மரபணு மட்டும் இன்னோரிடத்திலும் செலுத்தப்பட வேண்டும். இரண்டும் பச்சையாக இருந்தால்தான் மூன்றாவது இடத்துக் கருகலுக்கு மதிப்பு. அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஹைட்ரஜன் பெராக்சைடு சில நிமிடங்களிலேயே சுரப்பதை லூமினால் ஒளிர்வால் அளப்பதும் உண்டு.

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. சிஎஃப்-9 தக்காளியை வீழ்த்திய பூஞ்சை வகைகளைச் சோதித்தபோது, அவற்றில் ஏவிஆர்9 மரபணுவே காணோம். செடியின் காவல் அப்படியே இருக்கிறது. காட்டிக்கொடுக்கும் புரதத்தைத்தான் எதிரி கைவிட்டுவிட்டது.