வந்தவர்க்குத் தமிழ் தருக!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நைனார்பாளையம் போலும் சிற்றூர்களிலும் இன்று வடபுலத் தொழிலாளரைக் காணலாம். செங்கல் சுமப்பவரும் கம்பி கட்டுபவரும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களிடம் வேலை வாங்கும் தமிழ் மேற்பார்வையாளரோ தமக்கே விளங்காத இந்தியில் நான்கு சொற்களைத் திக்கித் திக்கிப் பேசுகின்றார். மாலையில் தேநீர்க் கடையில் அமர்ந்து, “இந்திக்காரன் வந்து ஊரைக் கெடுத்துவிட்டான்” என்பவரும் அவரே. ஊருக்குள் இந்தியை ஒலிக்கச் செய்தவர் யார்?

“வந்தவரை விரட்டுக” என்பார் சிலர் உளர். தமிழர் வாயில் வரத்தகாத சொல் அது. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய மலையகத் தமிழரை இலங்கை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கிற்று. 1964-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனச் சரக்கினைப் போல் மாந்தரைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்க்கலாம் என விட்டனர். அக்கொடுமையை நுகர்ந்த இனம் பிறர்க்கு அதனைச் செய்யலாமா? கல்வராயன் மலை மக்களும் கூலி தேடிக் கேரளத் தோட்டங்களுக்குச் செல்பவரே அல்லரோ?

ஆயினும், வருவோர் எம்மொழியிலும் பேசிக்கொள்ளட்டும் என வாளாவிருத்தலும் பிழையே. ஓரினம் ஒருமொழி எனப் பெருமை பேசிய தென்கொரியா, 2004-இல் வேலை இசைவு முறையைக் கொணர்ந்து, பின்னர் வருகின்ற தொழிலாளர்க்குக் கொரிய மொழித் தேர்வினையும் வைத்தது. 2008-இல் பல்பண்பாட்டுக் குடும்பங்கட்கெனச் சட்டமும் இயற்றியது. தொழிலாளர் தம் குடும்பத்தை அழைத்துவர இசையாத குறை அங்கு உண்டு. எனினும் தன் மொழியைக் கைவிடாமலே கதவு திறந்தது அந்நாடு. அண்டைக் கேரளமோ 2017-இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ எனும் திட்டத்தைத் தொடங்கி, வடபுலத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பித்தது. மலையாளி செய்ததைத் தமிழன் செய்யலாகாதா?

மொழி தராமையின் தீங்கு 2023 மார்ச்சுத் திங்களில் வெளிப்பட்டது. தமிழகத்தில் பீகாரியர் தாக்கப்படுகின்றனர் எனும் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகாரிலிருந்து அலுவலர் குழுவே வந்து பார்த்துச் செல்ல நேர்ந்தது. அடுத்த வீட்டுத் தமிழரிடம் உண்மை கேட்க அத்தொழிலாளர்க்கு மொழி இல்லை. கைப்பேசியில் வந்த பொய்க்கோ அவர்தம் மொழி இருந்தது!

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கே தமிழ் தரும். சூளையோரக் குடிசையில் தம்பியைச் சுமந்து திரியும் பிள்ளைக்கு எவர் தருவார்? அப்பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது அரசின் கடன். வேலை நேரத்திலேயே, கூலி குறைக்காமல், கிழமைக்குச் சில மணி நேரம் தமிழ் கற்பிக்க முதலாளிகளைச் சட்டத்தால் பணித்தல் வேண்டும். கூலிக் கணக்கும் இடர் எச்சரிக்கையும் தமிழில் விளங்கினால், ஏய்ப்பும் குறையும்; உயிரும் பிழைக்கும்.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றுத் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். வந்தவர் தமிழராய் நெஞ்சு கலக்க மொழியே வாயில். சட்டம் வரும்வரை காத்திராது, ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றத்தார் மாலை வகுப்பொன்று தொடங்குக! வடபுல இளைஞனிடம் தமிழிலேயே பேசுக. அவன் தவறாகச் சொன்னால் நகையாது திருத்துக!