கணக்குக் கேட்காத தந்தை

ஹாலந்து தேசத்து ஓவிய மேதை ரெம்பிராண்ட், 1635-ம் ஆண்டு வாக்கில் ஒரு சித்திரம் தீட்டினார். மதுக் கிண்ணத்தை உயர்த்திச் சிரிக்கிறான் ஒரு வாலிபன்; மடியில் ஒரு பெண். ஏசுநாதர் சொன்ன கதையில் வரும் ஊதாரி மைந்தன்தான் அவன். ஆனால் முகமோ ரெம்பிராண்டுடையது. பெண், அவர் மனைவி ஸாஸ்கியா!

1642-ல் ஸாஸ்கியா காலமானார். 1656-ல் ஓவியர் திவாலானார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அதே கதைக்குத் திரும்பினார். இப்போது மைந்தன் வீடு வந்து மண்டியிட்டிருக்கிறான். மழித்த தலை, தேய்ந்த செருப்பு. அவன் முதுகின்மேல் தந்தையின் இரு கரங்கள்.

தன்னைக் கூலியாளாகவாவது வைத்துக்கொள்ளும்படி கெஞ்ச வேண்டும் என்று எண்ணித்தான் மகன் வந்தான் என்கிறது லூக்கா சுவிசேஷம். அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் தந்தை புத்தாடைக்கும் விருந்துக்கும் உத்தரவிட்டுவிட்டார். அழித்த சொத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. பாவியிடம் ஆண்டவன் காட்டும் கருணை இப்படிப்பட்டதாம்.

வீட்டோடு இருந்து உழைத்த மூத்த மகனுக்குக் கோபம். நியாயமான கோபந்தான், நமக்கும் வரும்.

ஆனாலும், வழி தவறிப் போனவன் ஒருநாள் நம் வாசலில் வந்து நின்றால் முதலில் என்ன கேட்போம்? "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்றா, "சாப்பிட்டாயா?" என்றா?