சத்திரம் யாருக்கு?

அன்னை தெரசா பேரை எடுத்தாலே போதும், நம்ம வலைப்பதிவு மக்கள் ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு நின்னுடுவோம். ஒரு கோஷ்டிக்கு அவர் தெய்வம். இன்னொரு கோஷ்டிக்கு மதம் மாத்த வந்த வெள்ளைக்காரம்மா. இந்தச் சண்டையில கொல்கத்தா காளிகட்டுல இருக்குற அந்தக் கட்டிடத்தைப் பத்தி யாரும் பேசறதில்லை. காரைக்குடிக்காரனான எனக்கு அந்தக் கட்டிடம்தான் முக்கியமாப் படுது.

ஏன்னா அது ஒரு சத்திரம்.

காளி கோயிலுக்கு வர்ற யாத்ரீகர்கள் தங்கின இடம். 1952-ல கல்கத்தா மாநகராட்சி அதை தெரசாவுக்குக் கொடுத்தது. தெருவோரம் சாகக் கிடந்தவங்களைத் தூக்கிட்டு வந்து அங்க படுக்க வெச்சாங்க. 'நிர்மல் ஹ்ருதய்'னு பேரு. கோயிலைச் சுத்தி இருந்தவங்க சும்மா விடுவாங்களா? எதிர்ப்பு கிளம்புச்சு. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துட்டு, உங்க வீட்டுப் பொம்பளைங்களை இந்த வேலைக்கு அனுப்புங்க, அப்புறம் இவங்களைக் காலி பண்ணச் சொல்றேன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. கொஞ்சம் சினிமா மாதிரி இருக்கு, எவ்வளவு நிஜமோ. ஆனா கேள்வி சரியான கேள்வி.

சத்திரம் கட்டுறதுல எங்க ஊர்க்காரங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. பர்மாவுல லேவாதேவி பண்ணினப்பவே லாபத்துல தர்மத்துக்குன்னு மகமை ஒதுக்கி வெச்சவங்க. காசியில நகரத்தார் சத்திரம் இன்னிக்கும் நடக்குது, விசுவநாதருக்கு அங்கேருந்துதான் தினமும் பூஜை சாமான் போகுது. சாதாரண விஷயம் இல்லை, பெருமைதான்.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? சத்திரத்துல தங்க வர்றவருக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கு. மூணு நாள் தங்குவார், சாமி கும்பிடுவார், திரும்பிப் போயிடுவார். வீடே இல்லாதவர் வந்தா நாலாம் நாள் எங்கே போவார்? அவருக்கு நம்மகிட்ட இருக்குறது அன்னதானம். இலை போட்டு, பாயசத்தோட, தாராளமாவே போடுவோம். சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் கால் புண்ணை யார் கழுவுறது? சோறு போட அரை நாள் போதும். புண் கழுவ தினமும் ஆள் வேணும், அதுவும் மூக்கைப் பொத்தாம.

கொல்கத்தா வரைக்கும் போக வேண்டாம். நம்ம சிவகங்கை மாவட்டத்துலயே மானாமதுரை தயாபுரத்துல தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. அதை நடத்துறதும் ஒரு கிறிஸ்தவ மிஷன்தான். தொழுநோயாளியை வீட்டை விட்டே துரத்தின காலத்துல யார் கதவைத் திறந்தாங்கன்னு பாருங்க.

உடனே என்னை அல்லேலூயா கோஷ்டியில சேர்த்துடாதீங்க :-) குறை இருக்கு. 'லான்செட்' மருத்துவ இதழோட ஆசிரியரா இருந்த ராபின் ஃபாக்ஸ் கொல்கத்தா இல்லத்தைப் பார்த்துட்டு 1994-ல எழுதினார். சுத்தத்தையும், புண்ணைக் கவனிக்கிற விதத்தையும், அன்பையும் பாராட்டினவர், வலியில துடிக்கிறவங்களுக்கு வலுவான வலி மருந்து இல்லைன்னும் எழுதினார். என்னைக் கேட்டா, மதமாற்றப் புகாரை விட இதுதான் பெரிய புகார். வலியை ஆண்டவனுக்குக் காணிக்கையா நினைக்கறது கன்னியாஸ்திரீயோட சொந்த விஷயம். தெருவுலேருந்து தூக்கிட்டு வந்த மனுஷன் தலையில அதை ஏத்தக்கூடாது.

2021 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இவங்க வெளிநாட்டு நிதி வாங்குற அனுமதியைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்துடுச்சு. 2022 ஜனவரியில திருப்பிக் கொடுத்துச்சு. கணக்கு கேக்கட்டும், கேக்கணும். எனக்கு உறுத்துனது வேற. படுக்கையில கிடக்கிறது நம்ம ஊர் ஜனம். காசு மட்டும் ஏன் வெளிநாட்டுலேருந்து வரணும்?

2013-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல, ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேராவது தங்குற மாதிரி காப்பகம் வேணும்னு கணக்கு வெச்சாங்க. காரைக்குடி 2011 கணக்கெடுப்புலயே லட்சத்தைத் தாண்டிடுச்சு, 2024-ல மாநகராட்சியும் ஆயிடுச்சு. அரசாங்கம் கட்டிடம் கொடுக்கும், வாட்ச்மேன் போடும். பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்ட ஜி.ஓ. போட முடியாது.

அதனால ஒரு யோசனை. பூட்டிக் கிடக்குற பெரிய வீடுகளைக் கேக்கலை. பங்காளிங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் அங்க ஒரு ஓடு மாத்த முடியும்னு தெரியும். சத்திரத்தைக் கேக்குறேன். எங்கேயோ ஒரே ஒரு சத்திரம், அதுல பத்துப் படுக்கை. நர்ஸுங்க ரெண்டு பேர், வாரத்துக்கு ரெண்டு தடவை டாக்டர், தெரசா இல்லத்துல இல்லைன்னு ஃபாக்ஸ் சொன்ன அந்த வலி மருந்து. வாசல்ல பிள்ளையார் இருக்கட்டும், நெத்தியில திருநீறு இருக்கட்டும், யாரும் சிலுவை மாட்டச் சொல்லப்போறதில்லை.

டிஸ்கி: சத்திரத்து டிரஸ்டி யாராவது இதைப் படிச்சா, அடுத்த கும்பாபிஷேக வசூல் நோட்டுல கடைசிப் பக்கத்தை மட்டும் இதுக்கு ஒதுக்குங்க. முதல் வரியில என் பேரை எழுதிக்கலாம்.