கம்பியையும் விசாரியுங்கள்

கடைவீதிகளிலும் பள்ளி வாயில்களிலும் ரயில் நிலையங்களிலும் இன்று காவல் காமிராக்களைக் காண்கிறோம். பல இடங்களில் அவற்றின் படம் பகலில் நன்றாக இருந்து, இரவில் மங்கிப் போகிறது. சில இடங்களில் ஒரு கறுப்புப் பட்டை திரையில் மெல்ல ஏறிச் செல்கிறது. வேறு சில இடங்களில் ஒரே ஆள் இரட்டையாகத் தெரிகிறார். உடனே வரும் தீர்ப்பு, "காமிரா கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பதே. புதிது வந்த பிறகும் படம் பழையபடியே இருக்கும். காமிராவுக்கும் திரைக்கும் நடுவே இருநூறு, முந்நூறு மீட்டர் தூரம் ஓடும் கம்பியை யாரும் விசாரிப்பதில்லை. இது தவறான பழக்கம். இதைத் திருத்த வேண்டிய இடம் பள்ளி ஆய்வுக்கூடம் என்பது என் கருத்து.

இரவுக் கோளாற்றை முதலில் பார்ப்போம். காமிராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் 100 மீட்டர் தொலைவிலிருந்து செல்கிறது என்று கொள்வோம். கம்பி 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு. போக 100 மீட்டர், திரும்பி வர 100 மீட்டர். மொத்தத் தடை ஏறத்தாழ 6.9 ஓம். பகலில் காமிரா 0.15 ஆம்பியர் எடுத்தால் வழியில் 1 வோல்ட் குறையும். இதனால் கெடுதி இல்லை. இருட்டியதும் காமிராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, மின்னோட்டம் 0.4 ஆம்பியராக உயர்ந்தால், இழப்பு 2.8 வோல்ட் ஆகிவிடும். காமிராவுக்குக் கிடைப்பது 9.2 வோல்ட் மட்டுமே. திருடன் வரும் நேரத்தில் காவல்காரனுக்குக் கண் மங்குவது ஓம் விதியினால்தான்! இதற்கு மருந்து தடித்த கம்பி; புதுக் காமிரா அல்ல.

அடுத்தது இரட்டை உருவம். பழைய முறைக் காமிராக்களின் படச் சைகை 75 ஓம் கோஆக்சியல் கேபிளில் செல்கிறது. கேபிள் முடியும் இடத்திலும் 75 ஓம் தடை இருக்க வேண்டும். இல்லையேல், கிணற்றுக்குள் கொடுத்த குரல் திரும்புவதுபோலச் சைகையின் ஒரு பகுதி திரும்பி ஓடும். காமிராப் பக்கத்திலும் பொருத்தம் சரியில்லை என்றால் அங்கிருந்து மீண்டும் திரைக்கு வந்து, சற்றுத் தள்ளி ஒரு மங்கல் உருவமாக விழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் வழங்கிய 625 வரி டெலிவிஷன் முறையில், ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோ விநாடியில் வரையப்படுகிறது. திரையின் அகலம் 52 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ விநாடி. போலி உருவம் 2 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் சைகை 2 மைக்ரோ விநாடி தாமதித்திருக்கிறது. கேபிளில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர். ஆகவே கூடுதலாக ஓடிய தூரம் 400 மீட்டர். எதிரொலித்த இரு முனைகளுக்கும் இடைவெளி 200 மீட்டர். ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு கம்பியின் நீளத்தையே சொல்லிவிட்டோம்!

திரையில் ஊரும் பட்டைக்குக் காரணம் வேறு. காமிரா ஓரிடத்திலும் பதிவுக்கருவி வேறோர் இடத்திலும் தரையோடு இணைந்திருந்தால், அவ்விரு தரைகளின் மின் அழுத்தமும் ஒன்றாக இராது. அந்த வேறுபாட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கேபிளின் வெளிப்பின்னலில் ஓடிப் படத்தோடு கலக்கிறது. காமிராவை இரும்புக் கம்பத்திலிருந்து பிரித்து, ஒரு 12 வோல்ட் பாட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பட்டை மறைந்தால் குற்றவாளி பிடிபட்டான்.

"படம் மங்கலா? பெருக்கியைக் கூட்டு" என்பாரும் உண்டு. படத்தின் நுண்மையான விவரங்களும் வண்ணமும் உயர் அதிர்வெண்களில் செல்பவை. அந்த அதிர்வெண்களில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவதால் தடை கூடி, அவையே அதிகம் தேய்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கினால் இரைச்சலும் பெருகும். தேய்ந்த விகிதம் திருந்தாது. 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிளில் சைகைகள் நலிந்தபோது, வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பவர் மின் அழுத்தத்தைச் சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றினார். ஏற்கெனவே குறைபாடுகள் இருந்த அந்தக் கேபிள் சில வாரங்களில் மடிந்தது. நீண்ட கேபிளில் சைகை ஏன் தாமதிக்கிறது என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கணக்கிட்டுக் காட்டியிருந்தவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு. நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவியே தேவை என்றார் அவர். 1866இல் நல்ல கேபிளோடு அவர் வழி வென்றது.

இன்றைய இலக்கமுறைக் காமிராக்களுக்கு இவை பொருந்தாவா? அவற்றின் ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கும் 100 மீட்டர் என்ற வரம்பு உண்டு. அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும்போது 48 வோல்ட் அளவில் அனுப்புவது, மின்னோட்டத்தைக் குறைத்து வழி இழப்பையும் குறைக்கத்தான்.

"இவ்வளவு ஆராய்வதைவிடப் புதிது வாங்குவது மலிவு" என்று சிலர் வாதிடலாம். ஆனால் முதற் சோதனைக்குச் செலவே இல்லை. காமிராவைக் கழற்றிப் பதிவுக்கருவியின் அருகில் கொண்டுவந்து, ஒரு மீட்டர் கேபிளில் இணைத்துப் பார்த்தால் போதும். படம் தெளிந்தால் காமிரா நிரபராதி. தெளியாவிட்டால் அப்போது புதிது வாங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதே இதிலுள்ள சூத்திரம்.

நம் செய்முறை வகுப்புகளில் கருவிகள் ஒழுங்காக இருக்கின்றன. வரவேண்டிய விடையும் தெரிந்திருக்கிறது. வாழ்க்கையில் நம்மிடம் வருபவையோ பழுதான கருவிகள். ஆகவே செய்முறைத் தேர்வில், மறைவான பழுதுள்ள ஒரு சுற்றையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடித்ததற்கு மட்டுமன்றி, எந்த வரிசையில், என்ன காரணத்தால் சோதித்தார் என்பதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

மாணவர்களே! அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டரி, ஒரு சிறு பல்பு, 50 மீட்டர் மெல்லிய கம்பி, ஒரு வோல்ட்மீட்டர் போதும். வீட்டு மின் இணைப்பின் பக்கம் போகவேண்டாம். ஒரு பல்பு எரியும்போதும், அதனோடு பக்க இணைப்பில் இரண்டாவது பல்பு எரியும்போதும் கம்பியின் இரு முனைகளிலும் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். கம்பி என்ன சொல்கிறது என்பது அந்த நான்கு எண்களில் இருக்கும்.