அறிவிக்கப்படாத முடிவும் அறநெறியும்

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு விடை வரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருத்தல் மாணவப் பருவத்தின் பெருந்துன்பங்களுள் ஒன்று. தேர்வு எழுதும்போது கையில் எழுதுகோலாவது இருக்கிறது. விடைக்காகக் காத்திருக்கும் நாள்களில் அதுவும் இல்லை. அஞ்சற்காரர் தெருமுனையில் தோன்றும்போதே நெஞ்சு படபடத்த தலைமுறையைச் சேர்ந்தவர் நாம். இன்றைய மாணவர் கணிப்பொறித் திரையை நோக்கியவாறு அதே படபடப்புடன் அமர்ந்திருக்கின்றனர்.

இவ்வாறு காத்திருக்கும் ஒருவர், தம் பெயர் எழுதிய மடல் ஒன்று ஒட்டப்படாமலும் அனுப்பப்படாமலும் அலுவலக மேசைமேல் கிடக்கக் காண்கிறார் என்று கொள்வோம். அவர் அதனை எடுத்துப் பார்க்கலாமா? வகுப்பறையில் இவ்வினாவை நாம் எழுப்பியபோது, பார்க்கலாம் என்றோரே மிகுதி. "ஐயா, என் பெயர்தானே அதில் எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் ஒரு மாணவர். அக்கேள்விக்கு உடனடியாக விடையிறுக்க நம்மால் இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது கற்பனை வினா அன்று. அமெரிக்க நாட்டில் 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவ்வினா உண்மையாகவே எழுந்தது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., கார்னெகி மெலன், டார்ட்மத், டியூக் முதலிய பல்கலைக்கழகங்களின் மேலாண்மைக் கல்லூரிகள், விண்ணப்பங்களைக் கணிப்பொறி வழியாகப் பெறுவதற்கு 'அப்ளை யுவர்செல்ஃப்' என்னும் தனியார் நிறுவனத்தின் உதவியைப் பெற்றிருந்தன. அந்நிறுவனத்தின் அமைப்பில் ஒரு குறை இருந்தது. விண்ணப்பதாரர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு உட்சென்று, தமக்குரிய எண்ணை எடுத்து வேறொரு முகவரி வரியில் பொருத்தினால், கல்லூரி இன்னும் அனுப்பாத முடிவு திரையில் தோன்றிவிடும். மார்ச்சு 2ஆம் நாள் இவ்வழியைக் கண்டறிந்த ஒருவர் அதனைப் பலரும் காணுமாறு எழுதி வைத்தார். ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் அவ்வழி அடைக்கப்பட்டுவிட்டது. எனினும் அதற்குள் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தோருள் மட்டும் 119 பேர் எட்டிப் பார்த்துவிட்டனர். ஹார்வர்டு தன் முடிவை அறிவிக்கக் குறித்திருந்த நாள் மார்ச்சு 30.

எட்டிப் பார்த்தவர்கள் கண்டது யாது? பலர் கண்டது வெற்றுப் பக்கம். சிலர் கண்டது மறுப்பு மடல். இதற்காகவா இத்தனை பாடு என்று நகைக்கத் தோன்றுகிறது. ஆனால் அடுத்து நிகழ்ந்தது நகைப்பிற்குரியதன்று. ஹார்வர்டு வணிகவியல் கல்லூரியின் அந்நாளைய தலைவர் கிம் கிளார்க், இச்செயல் அறத்திற்குப் புறம்பானது, நம்பிக்கையைக் குலைப்பது, எவ்வகைச் சமாதானமும் இதற்குப் பொருந்தாது என்னும் கருத்துப்பட அறிக்கை விடுத்தார். 119 பேரும் அவ்வாண்டுச் சேர்க்கையை இழந்தனர். எம்.ஐ.டி. 32 பேரை நீக்கியது. கார்னெகி மெலனும் அவ்வாறே செய்தது. ஸ்டான்ஃபோர்டு, பார்த்தவர்கள் தாமே முன்வந்து விளக்கம் தருக என்றது. டார்ட்மத்தின் டக் கல்லூரியோ, பார்த்த குற்றம் ஒன்றிற்காகவே எவரையும் தள்ளுவதில்லை, ஏனைய தகுதிகளுடன் இதனையும் சேர்த்து எடைபோடுவோம் என்று முடிவு செய்தது.

பார்த்தது தவறா? தவறே என்பது நம் கருத்து. ஆயின் அதனைத் திருட்டு என்று கூற நம் மனம் ஒப்பவில்லை. பிறர் பொருளை அவர்கள் எடுக்கவில்லை. பிறர் முடிவைப் பார்க்கவில்லை. முடிவை மாற்றவும் முயலவில்லை. அங்ஙனமாயின் அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் யாது? நம் மாணவர் கேட்ட கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. மடலில் பெயர் எவருடையதாயினும், அனுப்பப்படும் வரை அது எழுதியவரின் மடலே. இன்று எழுதிய முடிவை நாளை திருத்தவும், முற்றிலும் மாற்றிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்குள் கேளாமல் நுழைவதே இங்கு நிகழ்ந்த தவறு. பிறர் இல்லத்தின் வாயிலில் நின்று சலாம் கூறி, உள்ளிருந்து குரல் வந்த பின்னரே நுழைய வேண்டும் என்று நம் இல்லங்களில் சிறுவர்க்கும் கற்பிக்கிறோம். கதவு திறந்திருந்தது என்பது நுழைந்ததற்குக் காரணமாகுமேயன்றி நியாயமாகாது.

ஆயினும் தண்டனையைப் பற்றி நாம் வேறு கருத்துடையோம். மாதக்கணக்கில் காத்திருந்து, நள்ளிரவில் ஒரு வழி கிடைத்ததும் தன் பெயருக்குரிய பக்கத்தைப் பார்த்துவிட்ட இளைஞரும், அவ்வழியைத் தேடித் துருவிக் கண்டறிந்து ஊரறியச் செய்தவரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவர் அல்லர். ஒருவர் இது முறையன்று என்று அறிந்தே செய்திருக்கலாம். இன்னொருவர் நண்பர் சொன்னதைக் கேட்டு, இதுவும் ஒரு வழியே போலும் என்று எண்ணியிருக்கலாம். எவர் எந்நோக்கில் செய்தார் என்று கேட்காமலேயே அனைவரையும் தள்ளிய கல்லூரிகள், மேலாண்மைக் கல்வியில் அறம் கற்பிக்கும் கல்லூரிகள் என்பதை நினைக்க வியப்பே மேலிடுகிறது. பூட்டப்படாத கதவை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தையும், அதனைத் தேர்ந்தெடுத்த கல்லூரிகளையும் எவரும் ஓராண்டு வெளியே நிறுத்தவில்லை! கேட்டு, நிறுத்து, எடைபோட்ட டக் கல்லூரியின் செயலே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

இதற்கு மூன்று ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்த இன்னொன்றையும் இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 2002ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகம், விண்ணப்பித்தோர் தம் பிறந்த நாளையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் இட்டு முடிவை அறிந்துகொள்ள ஒரு பக்கத்தை அமைத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கும் அம்மாணவருள் சிலர் விண்ணப்பித்திருந்தமையால், அவ்விவரங்கள் பிரின்ஸ்டனின் கோப்புகளிலும் இருந்தன. அவற்றைக் கொண்டு பிரின்ஸ்டன் கணிப்பொறிகளிலிருந்து 11 மாணவரின் முடிவுகள் 18 முறை பார்க்கப்பட்டன. பார்த்தவருள் ஒருவர் சேர்க்கைத் துறையின் உயர் அலுவலர். அப்பக்கத்தின் பாதுகாப்பைச் சோதித்தோம் என்று காரணம் கூறப்பட்டது. அவர் பிறிதொரு பணிக்கு மாற்றப்பட்டார்.

தன் முடிவைத் தான் பார்த்த மாணவருக்கு ஓராண்டு வாயில் அடைப்பு. தன்னை நம்பிப் பிறர் ஒப்படைத்த விவரத்தைக் கொண்டு பிறர் முடிவைப் பார்த்தவருக்கு இடமாற்றம். இருவேறு நிறுவனங்கள், இருவேறு சூழல்கள் என்பதை மறுக்கவில்லை. எனினும் இவற்றுள் அமானிதத்தைக் குலைத்தது எது என்று கேட்டால், நம் ஊர்ப் பெரியவர் எவரும் தயங்காமல் இரண்டாவதையே சுட்டுவர். வெளியில் நின்று தவிப்பவரின் ஆவலைக் காட்டிலும், உள்ளே அமர்ந்திருப்பவரின் நாவும் கையும் கட்டுப்பட்டிருத்தல் பன்மடங்கு இன்றியமையாதது.

இதனைப் பிறர்க்கு உரைக்க நமக்கு எத்தகுதி உண்டு என்பதும் ஒரு வினா. சில ஆண்டுகட்கு முன், நாம் அப்போது பணியாற்றிய கல்லூரி ஒன்றில் சேர்க்கைக் குழுவில் ஒருவராக இருந்தோம். பட்டியல் உருவாகிவிட்டது, மறுநாள்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அன்று அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகையில், நம் தந்தையாரின் நண்பராகிய ஒரு ஹாஜியார் நம் கையைப் பற்றிக்கொண்டார். "தம்பி, பேரன் பெயர் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். அவர் கண்களைப் பார்த்த பின் மறுக்க நம்மால் இயலவில்லை. "இருக்கிறது" என்று கூறிவிட்டோம்.

மறுநாள் காலை, இட ஒதுக்கீட்டுக் கணக்கில் நேர்ந்திருந்த பிழையொன்று கண்டறியப்பட்டுப் பட்டியல் திருத்தப்பட்டது. அப்பிள்ளையின் பெயர் காத்திருப்போர் வரிசைக்குச் சென்றது. அதற்குள் அவர் வீட்டில் இனிப்பு வழங்கி முடித்திருந்தனர். அது போகட்டும். அதே நாள் காலையில் வேறொரு கல்லூரியின் நேர்காணலுக்கு அப்பிள்ளை செல்ல வேண்டியிருந்தது. இங்குதான் இடம் கிடைத்துவிட்டதே என்று செல்லாமல் இருந்துவிட்டார். அவருக்கு அவ்வாண்டு எங்கும் இடமில்லை.

ஹாஜியார் நம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. எப்போதும் போலவே நம் சலாமுக்குப் பதில் கூறினார். எப்போதும் போலவே வீட்டு நலன் கேட்டார். அப்பிள்ளை மறு ஆண்டு வேறோர் ஊரில் சேர்ந்து படித்தார். எந்தக் குழுவும் நம்மை அழைத்து விளக்கம் கேட்கவில்லை. எந்த வாயிலும் நமக்கு அடைக்கப்படவில்லை. அவ்வாண்டு முதல், சேர்க்கைப் பட்டியல் உருவாகும் நாள்களில் மட்டும் நாம் அஸர் தொழுகைக்கு அடுத்த தெருப் பள்ளிவாசலுக்குச் சென்று வருகிறோம்.